வைகைக்கரை வானம் – 6: கத்திரி வெயிலும் கோடையிடியும்

சித்திரை பிறந்த ஓரிரு நாள்களில், நண்பகல் கடந்து கால்மணி நேரம் ஆன பொழுதில், மதுரை மாநகரில் செங்குத்தாக நட்ட கம்பத்துக்கு நிழல் விழுவதில்லை. சூரியன் நகரத்தின் உச்சந்தலைக்கு நேரே வந்து நிற்கும் தினம் அது. பின்னர் அவன் வடக்கே சென்று, ஆகஸ்டு மாதக் கடைசியில்தான் மறுபடி அதே இடத்துக்கு மீள்கிறான். இடையே கிடக்கும் நாலரை மாத காலத்தில், பஞ்சாங்கக்காரர்கள் ஒரு சிறு துண்டைத் தனியே அறுத்தெடுத்து, சூரியன் பரணியின் மூன்றாம் பாதத்தில் புகுவது முதல் ரோகிணியின் முதற்பாதத்தைக் கடக்கும் வரையில், அதாவது மே மாதம் 4ஆம் தேதி வாக்கில் தொடங்கி 28ஆம் தேதி வாக்கில் முடியும்படி, அதற்கு அக்கினி நட்சத்திரம் என்று பெயரிட்டார்கள். ஜனங்கள் கத்திரி என்பார்கள்.

வானிலை சாஸ்திரத்தில் கத்திரிக்கு இடமில்லை. மார்ச்சு முதல் மே வரையிலான மூன்று மாதங்களையும் கோடைப் பருவம் என்று ஒரே கட்டாகக் கட்டி வைப்பதோடு அது நின்றுவிடுகிறது. ஆயினும் பஞ்சாங்கத்தைப் பழிப்பதற்கில்லை. மதுரையில் சராசரி உஷ்ணம் மிக ஓங்கியிருக்கும் மாதம் மே என்பதைக் கருவி கொண்டு அளந்தவர்களும் மறுத்ததில்லை. சராசரி வேறு, ஒரு குறிப்பிட்ட வருஷம் வேறு என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். 2024ஆம் ஆண்டில் ஏப்ரல் மாதமே தமிழகத்தின் உள்மாவட்டங்களை வாட்டி எடுத்துவிட்டது. 2025ஆம் ஆண்டிலோ, வழக்கமாக ஜூன் 1ஆம் தேதி வாக்கில் கேரளத்தில் கால் வைக்கும் தென்மேற்குப் பருவமழை, கத்திரி முடியும் முன்னரே, மே 24ஆம் தேதியன்று அங்கே வந்து சேர்ந்தது.

இந்தச் சமவெளியின் கோடை இவ்வாறு முன்னும் பின்னுமாய்த் தடுமாறுவதற்குக் காரணம் அதன் இருப்பிடமே. மேற்கே வருஷநாட்டு மலையும் பழனி மலையும், வடக்கே சிறுமலையும் அழகர்மலையும், ஊரை ஒட்டினாற்போல் நாகமலையும் நிற்க, கிழக்கு மட்டும் தடையின்றித் திறந்து, மேலூர், மானாமதுரை, பரமக்குடி என்று இராமநாதபுரக் கடற்கரை வரையில் சரிந்து செல்கிறது. காலை முழுதும் காய்ந்த தரை, தன்மேல் படிந்த காற்றைச் சூடாக்கி மேலே அனுப்புகிறது. மலைகளைக் கடந்து கம்பம் பள்ளத்தாக்கின் வழியாக வரும் மேற்குக் காற்று ஈரம் வற்றி வருகிறது. பிற்பகலில் கிழக்கேயிருந்து கடற்காற்று ஈரத்தைச் சுமந்துகொண்டு மெல்ல உள்ளே நுழைகிறது. இவ்விரு காற்றும் எந்த இடத்தில் எதிர்ப்படுகின்றனவோ அந்த இடத்தில், ஈரக் காற்று மேல்நோக்கி உந்தப்பட்டு, வெண்முகிலாய்த் திரண்டு, சில சமயம் பன்னிரண்டு, பதினைந்து கிலோமீட்டர் உயரம் வரையிலும் எழும்பி, உச்சி தட்டையாகப் படர்ந்து, அடிவயிறு கறுத்து நிற்கும். வெப்பச்சலனம் என்று செய்தியில் ஒரே மூச்சில் சொல்லிவிடுவது இதனைத்தான்.

வருணன் ஏவிய மேகங்களினின்று நகரைக் காக்கச் சொக்கநாதர் தம் சடையிலிருந்து நான்கு மேகங்களை விடுத்து, அவை நான்கு மாடங்களாய் மதுரையை மூடி நின்றதாகத் திருவிளையாடற் புராணம் கூறுகிறது. இன்றைய கோடை முகிலுக்கு அத்தகைய நிலைப்பேறு கிடையாது. ஒரு தனி இடிமேகத்தின் ஆயுள், பிறப்பும் பெய்தலும் கலைதலும் உட்பட, பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்கு மேற்படுவதில்லை.

மழைக்கு முன் காற்று வருவதை இவ்வூரில் பார்க்காதவர் இலர். மேகத்திலிருந்து விழும் துளிகளில் ஒரு பகுதி, கீழே கிடக்கும் வறண்ட காற்றில் ஆவியாகி, அக்காற்றைக் குளிரச் செய்கிறது. குளிர்ந்த காற்று கனத்து, தரையில் மோதி, நாலா திசைகளிலும் விசிறியடிக்கிறது. புழுதி எழும்பி, வேப்பங்கிளை முறிந்து, தகரக் கூரை படபடத்து, மின்சாரம் நின்ற பிறகுதான் முதல் துளி விழும். முப்பத்தொன்பது டிகிரியில் இருந்த உஷ்ணம் அரைமணியில் பத்து டிகிரி இறங்கிவிடுவதும் உண்டு. நகரவாசிக்கு ஆனந்தம், ஆனால் குலை தள்ளிய வாழைக்கும், சோழவந்தான் பக்கத்துக் கொடிக்கால்களில் அகத்தியைப் பற்றி நிற்கும் வெற்றிலைக் கொடிக்கும் அக்காற்றே எமன். மல்லிகைக்காரருக்கோ காற்றைவிட மழையே பயம். கோடைதான் பூ மிகுதியாக வரும் காலம், நனைந்த மொட்டுக்கு மாட்டுத்தாவணிச் சந்தையில் மதிப்பில்லை. மானாவாரிக் காட்டுக்காரர் மாத்திரம் மறுநாள் காலையில் கோடை உழவுக்கு ஏரோ டிராக்டரோ தேடிக்கொண்டிருப்பார்.

அந்தக் குளுமை நிலைப்பதுமில்லை. மறுநாள் வானம் வெளுத்து வெயில் ஏறியதும், நனைந்த மண்ணின் ஈரமெல்லாம் காற்றில் கலந்து, வியர்வை உலராத புழுக்கமாகிவிடுகிறது. உஷ்ணமானி முந்திய நாளைவிட இரண்டு டிகிரி குறைவாகவே காட்டினாலும் உடம்பு அதை ஒப்புக்கொள்வதில்லை. சமவெளியில் வெப்ப அலை என்று அறிவிக்க வேண்டுமானால் 40 டிகிரியை எட்டுவதோடு இயல்பைவிட 4.5 டிகிரியேனும் மிகவேண்டும் என்பது விதி. இயல்பே முப்பத்தெட்டை ஒட்டி நிற்கும் ஊரில் அந்த வரம்பு லேசில் தாண்டப்படுவதன்று. ஆகையால் அறிவிப்பு இல்லாத நாள் துன்பமில்லாத நாள் என்று கொள்வது பிழை. ஈரத்தை எண்ணாத கணக்கு மதுரைக்குப் போதாது என்பது என் அபிப்பிராயம்.

“என்னண்ணே, மழைன்னு சொன்னாங்க, பொட்டுத் தூறலக் காணோம்?” என்று தெப்பக்குளத்துத் தேநீர்க் கடையில் ஒருவர் கேட்க, “திருமங்கலத்துல கொட்டித் தீக்குதாம்ப்பா” என்று மற்றவர் பதில் சொல்வது கோடைதோறும் நடக்கும் சம்பாஷணை. நுங்கம்பாக்கத்திலுள்ள மண்டல வானிலை மையம் ‘ஓரிரு இடங்களில்’ என்று எழுதினால், அப்பகுதியின் மழைமானி நிலையங்களில் நூற்றுக்கு இருபத்தைந்துக்கு மேற்படாதவற்றில் மழை பதிவாகலாம் என்பது பொருள். எஞ்சிய முக்கால் பங்கு இடங்கள் காய்ந்து கிடந்தாலும் அறிவிப்பு பலித்ததாகவே ஆகும். மேலும், மழைக்கணக்கின் நாள் காலை 8.30 மணிக்குத் தொடங்கி மறுநாள் 8.30க்கு முடிவதால், நேற்று மாலை நாம் நனைந்த மழை இன்றைய தேதியில் ஏறுகிறது; பத்திரிகையைப் பார்த்துத் திகைப்பவர்கள் இதை அறிந்தால் போதும்.

நாளை இடிக்குமா என்பதை ஒரு நாள் முன்னதாகச் சொல்லலாம். எந்தத் தெருவில் என்பதைச் சொல்ல எந்தச் சாஸ்திரமும் இன்னும் வளரவில்லை. அதற்கு உதவுவது, அடுத்த மூன்று மணி நேரத்துக்கென்று மையம் அவ்வப்போது வெளியிடும் உடனடி அறிவிப்பும், நம் காதும்தான். மின்னலுக்கும் இடிக்கும் இடையே மூன்று வினாடி சென்றால் அது ஒரு கிலோமீட்டர் தொலைவு. இந்தியாவில் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் மின்னலால் மாள்கிறார்கள்; வயலிலும் மரத்தடியிலும் நின்றவர்களே அவர்களுள் அதிகம். ஆகவே கொடிக்கால் வேலையையும் ஆடு மேய்ப்பதையும் பிற்பகல் இரண்டு மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். முதல் இடி காதில் விழுந்ததும் புளியமரத்தை நாடாமல் ஓட்டு வீட்டையோ கட்டிடத்தையோ நாடுங்கள்.

ஆடியிலும் ஆவணியிலும் மதுரை மீண்டும் கொதிப்பது ஏன் என்பதை அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)