ஒரு காபி 25 ரூபாய், இன்னொரு காபி 250 ரூபாய்: சென்னையில் சம்பளம் வாங்கும் பெரம்பலூர், அரியலூர் நண்பர்களுக்கு

பெரம்பலூர், அரியலூர் பக்கம் இருந்து சென்னைக்கு வேலைக்கு வந்த பலருக்கும் ஒரு விஷயம் பொருந்தும். ஊர்ல இருக்கிற வரைக்கும் நமக்கு டீதான். பஸ் ஸ்டாண்டா இருந்தாலும், சிமென்ட் லாரி வரிசையா நிக்கிற ரோட்டோரமா இருந்தாலும் டீதான். சென்னைக்கு வந்து ஆறு மாசத்துல நிலைமை மாறிடும். "ஈவ்னிங் காபி ஷாப்ல மீட் பண்ணலாமா?"னு டீம்ல யாராவது கேட்பாங்க. மாட்டேன்னு சொல்ல கூச்சமா இருக்கும். போயிடுவோம்.

போறது தப்பே இல்லை. ஆனா அங்கே என்னத்தை வாங்குறோம்னு தெரிஞ்சு வாங்கணும்.

கையில வர்ற சம்பளம் 25,000 ரூபாய்னு வெச்சுக்குவோம். மாசம் 26 நாள், தினம் 8 மணி நேரம்னா 208 மணி நேரம். ஒரு மணி நேர உழைப்புக்குச் சுமார் 120 ரூபாய். காபி ஷாப்ல ஒரு கப்புச்சினோ 250 ரூபாய், அதுக்கு மேல 5% ஜிஎஸ்டி, ஆக 262.50. அந்த ஒரு கப்புக்காக நீங்க ரெண்டு மணி நேரத்துக்கு மேல வேலை பார்த்திருக்கீங்க. வாரத்துக்கு ரெண்டு தடவைன்னா மாசம் 2,100 ரூபாய். கூட ஒரு பிரவுனி வாங்கினா கணக்கு வேற மாதிரி போயிடும்.

இந்த இடத்துல வழக்கமா எல்லாரும் "காபியை நிறுத்துங்க, கோடீஸ்வரர் ஆகுங்க"ன்னு சொல்வாங்க. அமெரிக்காவுல டேவிட் பாக் என்ற எழுத்தாளர் இதுக்கு 'லாட்டே ஃபேக்டர்'னே பேர் வெச்சார். கணக்கு தப்பில்லை. 2,100 ரூபாயை மாசாமாசம் எஸ்ஐபியில போட்டு, வருஷம் 12% கிடைக்கும்னு வெச்சுக்கிட்டா, 10 வருஷத்துல நீங்க போட்ட 2.52 லட்சம் சுமார் 4.88 லட்சமா நிக்கும். அந்த 12% உத்தரவாதம் கிடையாது, அது வெறும் அனுமானம். ஆனா எனக்கு இந்த அட்வைஸ்ல பெரிய உடன்பாடு இல்லை. ஊருக்கு 5,000 அனுப்பி, பிஜி வாடகை கட்டி, மிச்சத்துல வாழுற ஒருத்தர்கிட்ட காபியையும் பிடுங்கினா, மூணாவது மாசம் எஸ்ஐபியையும் சேர்த்து நிறுத்திடுவார்.

நல்ல வேளையா, சென்னையில நல்ல காபி விலை அதிகமான இடத்துல இல்லை. ஏரியாவுக்குள்ள, நாம தினம் கடந்து போற தெருவுலயே இருக்கு.

மயிலாப்பூர்ல இருக்கீங்கன்னா அருண்டேல் தெருவுல ராயர் மெஸ். இட்லி, கெட்டிச் சட்னிக்குப் பேர் போன இடம். சாப்பிட்டு முடிச்சதும் ஒரு டபரா காபி. இடம் சின்னது, காத்திருக்கணும். திருவல்லிக்கேணி மேன்ஷன்ல தங்கியிருக்கிறவங்களுக்கு ரத்னா கஃபே. 1948ல ஆரம்பிச்சது, ஆரம்பிச்சவர் வட இந்தியாவுல மதுராவுல இருந்து வந்தவர். சாம்பார்ல மிதக்குற இட்லிக்கு அப்புறம் அங்கே காபி குடிக்காம வர்றது பாவம். ஓ.எம்.ஆர். பக்கம் இந்த மாதிரி பழைய கடைகள் கம்மி. ஆனா நின்னுக்கிட்டே குடிக்கிற ஃபில்டர் காபி கடை ஆபீஸ் வாசல்லயே கிடைக்கும். டிகாஷனை உங்க கண் முன்னாடி ஊத்துறாங்களான்னு மட்டும் பாருங்க.

பெங்களூருக்கு மாத்தல் வாங்கிட்டுப் போனவங்களுக்கும் இதே கதைதான். சங்கரபுரத்துல பிராமின்ஸ் காபி பார் 1965ல இருந்து இருக்கு. உட்கார நாற்காலி கிடையாது, சாம்பார் கிடையாது. இட்லி, வடை, சட்னி, காபி கிடைக்கும். சர்ச் ஸ்ட்ரீட்ல இந்தியா காபி ஹவுஸ், 1957ல தொழிலாளர்களே சேர்ந்து தொடங்கின கூட்டுறவுச் சங்கம் நடத்துறது. இதே பெங்களூர்லதான், பிரிகேட் ரோட்ல, 1996ல கஃபே காபி டே முதல் கடையைத் திறந்தது. ஸ்டார்பக்ஸ் 2012ல மும்பைக்கு வந்து, 2014ல சென்னைக்கு வந்தது. காபின்னா உட்கார்ந்து பேசுற இடம்னு நம்ம தலைமுறைக்குப் பழக்கினது இந்த மாதிரி கடைகள்தான்.

அந்த இடத்துக்குத்தான் 250 ரூபாய். ஏசி, வைஃபை, சார்ஜிங் பாயின்ட், "வேற என்ன வேணும்?"னு யாரும் வந்து நிக்காத நாலு மணி நேரம். நாலு பேர் ஷேரிங் ரூம்ல இருந்துக்கிட்டு ஆன்லைன் இன்டர்வியூ கொடுக்கிற ஒருத்தருக்கு மணிக்கு 65 ரூபாய்ல ஒரு ஆபீஸ் கிடைக்குது. வேலை மாறி சம்பளம் 5,000 கூடினா அந்த காபி எந்த மியூச்சுவல் ஃபண்டை விடவும் நல்ல முதலீடு. அதே 250 ரூபாயை வெறும் ருசிக்காகக் கொடுத்தா, பக்கத்துத் தெருவுல 25 ரூபாய்க்கு அதைவிட நல்லா கிடைக்குது. தினம் 25 ரூபாய்னாலும் மாசம் 650தான். அதை நான் தொடவே மாட்டேன். ஷாப் காபியை வாரத்துக்கு ஒண்ணாக் குறைச்சா 1,000 ரூபாய் மிச்சம், அதை எஸ்ஐபிக்கு அனுப்பினா போதும்.

காபி ஷாப் போறப்போ பில்லைக் கொஞ்சம் பாருங்க. ஜிஎஸ்டி சட்டப்படி கட்டணும். 'சர்வீஸ் சார்ஜ்'னு தனியா ஒரு வரி இருந்தா அது உங்க இஷ்டம். பில்லுல தானா சேர்க்கக் கூடாதுன்னு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில சொல்லிடுச்சு, 2025 மார்ச்சுல டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி பண்ணிடுச்சு. "இதை எடுத்துடுங்க அண்ணா"ன்னு சொன்னா போதும்.

வீட்டுலயே ஃபில்டர் வெச்சுக்கலாமான்னு கேட்பீங்க. பொடி, பால், சர்க்கரை எல்லாம் சேர்த்து ஒரு டம்ளர் 18, 20 ரூபாய்க்குள்ள வரும். கடையை விட பெரிய மிச்சம் இல்லை. ருசிக்காக வேணா பண்ணுங்க. பாக்கெட் வாங்குறப்போ பின்னாடி திருப்பிப் பாருங்க: காபி எத்தனை சதவீதம், சிக்கரி எத்தனை சதவீதம்னு போட்டே ஆகணும். சிக்கரி 49% வரைக்கும் கலக்க சட்டம் அனுமதிக்குது. அதனால விலை கம்மியா இருக்கேன்னு வாங்குற பாக்கெட்ல பாதி சிக்கரியா இருக்கலாம். மயிலாப்பூர் பக்கம் லியோ மாதிரி பொடிக் கடைகள்ல எவ்வளவு சிக்கரின்னு நாமளே சொல்லி வாங்கலாம். (ஏ.ஆர்.ரஹ்மான் சினிமாவுக்கு வர்றதுக்கு முன்னாடி லியோ காபி விளம்பரத்துக்கு இசை போட்டவர்னு சின்ன தகவல்.) பிரேசில், வியட்நாம்ல வறட்சி வந்து 2025 தொடக்கத்துல உலகச் சந்தையில காபி விலை இதுவரை இல்லாத உயரத்துக்குப் போச்சு. உங்க தெருக் கடையில டம்ளருக்கு ரெண்டு மூணு ரூபாய் ஏறினதுக்கு அதுவும் ஒரு காரணம், கடைக்காரரோட சண்டை போடாதீங்க.

கடைசியா, வெள்ளிக்கிழமை ஊருக்குப் போற வழி. பெரம்பலூருக்கு ரயில் கிடையாது, பஸ்தான். நெடுஞ்சாலை முழுக்க 'கும்பகோணம் டிகிரி காபி' போர்டு, பித்தளை டபரா. சில கடையில நிஜமாவே நல்லா இருக்கும், சில கடையில பித்தளை மட்டும்தான் நல்லா இருக்கும். காபிக்கு எம்ஆர்பி கிடையாது, அதனால டோக்கன் வாங்குறதுக்கு முன்னாடி விலையைக் கேட்டுடுங்க. வைகை, பல்லவன்ல போற அரியலூர்க்காரங்க ரயில் காபியில ரொம்ப எதிர்பார்க்க வேண்டாம். விருத்தாசலம் தாண்டிட்டா அடுத்து வீட்டு டீதான்.