புத்தம் வீட்டு லிஸி

இன்னைக்கு ஹெப்சிபா ஜேசுதாசன். பேரே கேள்விப்பட்டதில்லையா? நாலு வருஷம் இன்ஜினியரிங் முடிச்சு, வேலைக்குப் போய் ரொம்ப நாள் கழிச்சுதான் நானே கேள்விப்பட்டேன்.

1925-ல் பர்மாவில் பிறந்தவங்க, ஆங்கிலப் பேராசிரியை. முதல் நாவல் ‘புத்தம் வீடு’ 1964-ல் வந்தது. குமரி மாவட்டத்துப் பனைவிளைதான் களம். குடும்பம் நொடிச்சுப்போச்சு, பெருமை மட்டும் குறையல. அந்த வீட்டுப் பொண்ணு லிஸி. வயசுக்கு வந்ததும் படிப்பு நிக்குது, வெளியே போறதும் நிக்குது. அவமேல உயிரையே வச்சிருக்கிற தாத்தாவுக்குக்கூட அது தப்பாத் தெரியல. எனக்கு இந்த இடம்தான் வலிச்சது. வில்லன்னு ஒருத்தன் இருந்தா சண்டை போடலாம். பாசத்தோட எப்படிச் சண்டை போடுறது?

அவளுக்குப் பிடிச்ச தங்கராஜ், பனையேறியோட மகன். ரெண்டு பேரும் ஒரே சாதி. ஆனா பனை வச்சிருக்கிறவங்களுக்கும் பனை ஏறுறவங்களுக்கும் நடுவுல ஒரு கோடு இருக்கு. ஒரே சாதிக்குள்ள இவ்வளவு தூரமான்னு, சென்னையில வளர்ந்த எனக்கு ஆச்சரியம். லிஸி ஓடிப்போகல, மனசையும் மாத்திக்கல. காத்திருக்கா. மிச்சத்தை நீங்களே படிங்க, கொலை கேஸ் வேற இருக்கு!

படிச்சு முடிச்சதும் பாட்டிக்கு போன் போட்டேன். அவங்க எட்டாவதோட நின்னவங்க.

“உங்களை யாரு பாட்டி நிறுத்தினது?”

கொஞ்ச நேரம் யோசிச்சாங்க. “யாரும் நிறுத்தலையேப்பா. பெரியவளாயிட்டேன்ல.”

சின்ன நாவல்தான். காலச்சுவடு பதிப்பு இருக்கு.