குப்பையில் இருந்து ஒரு சூப்பர் கம்ப்யூட்டர்!



நம் பள்ளி ஸ்டோர் ரூமில், உடைந்த பெஞ்சுகளுக்குப் பின்னால் ஏழு பழைய கம்ப்யூட்டர்கள் தூசி படிந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். இந்தக் கோடை விடுமுறையில் அதையெல்லாம் காயலான் கடைக்குப் போடப் போவதாகப் பேச்சு. அதற்குள் ஒரு கதை சொல்லிவிடுகிறேன். கதை என்றால் கட்டுக்கதை இல்லை, நிஜமாகவே நடந்தது.

அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தில் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடம் இருக்கிறது. 1996-ல் அங்கே வில்லியம் ஹார்க்ரோவ், ஃபாரஸ்ட் ஹாஃப்மன் என்ற இருவர் ஒரு வரைபடம் போட நினைத்தார்கள். நாட்டைச் சதுர கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் வெப்பம், மழை, மண் போன்ற விவரங்களை எடுத்து, ஒரே மாதிரி இருக்கும் கட்டங்களை ஒரு குழுவாகச் சேர்க்க வேண்டும். கேட்க சுலபமாத்தான் இருக்கு. ஆனால் மொத்தம் சுமார் 78 லட்சம் கட்டங்கள்! குழுக்கள் ஆயிரம், விவரங்கள் 25 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு சுற்றுக்கு 19,500 கோடி ஒப்பீடுகள். அதையும் ஒரு தடவை செய்தால் போதாது. குழுக்கள் மாறாமல் நிலைக்கும்வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும்.

64 கம்ப்யூட்டர் வாங்கப் பணம் கேட்டார்கள். கிடைக்கவில்லை. ஆனால் அதே ஆய்வுக்கூடத்தில் பழசாகிப் போனதென்று ஒதுக்கிய கம்ப்யூட்டர்கள் மூலைக்கு மூலை கிடந்தன. 486, பென்டியம் என்று கிடைத்ததையெல்லாம் பொறுக்கி, கேபிள் போட்டு இணைத்தார்கள். 2001-க்குள் நூறுக்கும் மேலே சேர்ந்துவிட்டது. அதற்கு வைத்த பெயர் 'ஸ்டோன் சூப்பர் கம்ப்யூட்டர்'. ஒரு வழிப்போக்கன் வெறும் கல்லைப் போட்டு சூப் வைக்கிறேன் என்று சொல்ல, ஊர்க்காரர்கள் ஆளுக்கொரு காய் கொண்டுவந்து போட, கடைசியில் நல்ல சூப்பே ஆகிவிடும் என்று அந்த ஊர்ப்பக்கம் ஒரு பழங்கதை உண்டு. அதிலிருந்து வந்த பெயர். வரைபடமும் வந்தது.

இந்த வழியை முதலில் காட்டியது நாசா. 1994-ல் கோடார்ட் விண்வெளி மையத்தில் தாமஸ் ஸ்டெர்லிங், டொனால்ட் பெக்கர் இருவரும் 16 சாதாரண பிராசஸர்களை இணைத்து 'பியோவுல்ஃப்' என்ற இயந்திரத்தைச் செய்தார்கள். கடையில் கிடைக்கும் சாமான்தான், விசேஷமாக எதுவும் இல்லை.

கம்ப்யூட்டர் பெட்டி இலவசமாகக் கிடைத்துவிடலாம். சாஃப்ட்வேர்? ஒவ்வொரு பெட்டிக்கும் லைசென்ஸ் காசு என்றால் நூறு பெட்டிக்கு என்ன ஆவது? இங்கேதான் திறமூல மென்பொருள் வருகிறது. இயங்குதளம் லினக்ஸ். புரோகிராமை இயந்திர மொழிக்கு மாற்ற ஜி.சி.சி. கம்பைலர். இது 1987-ல் ரிச்சர்ட் ஸ்டால்மன் வெளியிட்டது. எல்லாமே இலவசம். அதைவிட முக்கியம், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று திறந்து பார்க்கலாம், திருத்தலாம். பியோவுல்ஃப் செய்த பெக்கர்தான் லினக்ஸுக்கு நெட்வொர்க் கார்டு டிரைவர்கள் நிறைய எழுதியவர். மூடிய சாஃப்ட்வேராக இருந்திருந்தால் அவரால் கை வைத்திருக்க முடியுமா? (நம்ம லேப்பில் பயன்படுத்தும் டெவ் சி++ இருக்கிறதே, அதற்குள்ளே உட்கார்ந்து வேலை செய்வதும் இதே ஜி.சி.சி.தான். நானே போன மாசம்தான் தெரிந்துகொண்டேன்!)

சரி, தனித்தனிப் பெட்டிகள் எப்படிப் பேசிக்கொள்ளும்? அதற்குத்தான் எம்.பி.ஐ. இது 1994-ல் வந்த பொது விதிமுறை. நம் ரோல் நம்பர் மாதிரி ஒவ்வொரு பங்கிற்கும் ஒரு எண் உண்டு. பூஜ்ஜியம் எண் தலைவர். "3-ஆம் எண்ணே, இந்தக் கட்டங்களை நீ பார்" என்று அனுப்புவார். அது முடித்துவிட்டு விடையைத் திருப்பி அனுப்பும். அனுப்பு, வாங்கு, இவ்வளவுதான் அடிப்படை. இந்த விதிப்படி நடக்கும் எம்பிச், ஓப்பன் எம்.பி.ஐ. இரண்டுமே இலவசம்.

ஒரே கம்ப்யூட்டருக்குள் பல கோர் இருந்தால் ஓப்பன் எம்.பி. இருக்கிறது. பெயர் ஒரே மாதிரி இருப்பதால் குழம்பாதீர்கள், நான் இரண்டு நாள் குழம்பினேன். இது 2007 முதல் ஜி.சி.சி.யோடு சேர்ந்தே வருகிறது. மாமாவின் நான்கு கோர் லேப்டாப்பில் லினக்ஸ் போட்டு இதை முயன்று பார்த்தேன். ஒரு கோடிக்குள் எத்தனை பகா எண்கள் என்று எண்ணும் புரோகிராம். ஒரு கோரில் 9 விநாடி ஆனது. விடை 6,64,579. புத்தகத்தில் இருப்பதும் இதுவே.

அப்புறம் நான்கு கோருக்கும் பிரிக்கச் சொல்லி ஒரே ஒரு வரி சேர்த்தேன். வேகமாக முடிந்தது. ஆனால் விடை தப்பு! மறுபடி ஓட்டினால் வேறொரு தப்பான விடை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. காரணம் இதுதான்: கரும்பலகையில் '50' என்று எழுதியிருக்கிறது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பார்க்கிறார்கள். இருவரும் மனசுக்குள் ஒன்று கூட்டி '51' என்று எழுதுகிறார்கள். 52 ஆக வேண்டியது 51 ஆகிவிட்டது. அதனால் எண்ணிக்கை எப்போதும் குறைவாகவே வந்தது. ஆளுக்கொரு நோட்டில் தனியாக எண்ணி, கடைசியில் மட்டும் கூட்டச் சொன்னால் சரியாகிவிடும். அதற்கும் ஒரு சொல் சேர்த்தால் போதும். 6,64,579 வந்துவிட்டது.

நேரம் மட்டும் 3 விநாடிக்குக் கொஞ்சம் மேலே. 9-ஐ நாலால் வகுத்தால் இரண்டேகால்தானே வரணும்? யோசித்துப் பார்த்தால், பெரிய எண்ணைச் சோதிக்க அதிக நேரம் ஆகும். 75 லட்சத்திலிருந்து ஒரு கோடி வரை வாங்கிய கோருக்கு மட்டும் வேலை அதிகம். மற்ற மூன்றும் முடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தன. மொத்தமாகப் பிரிக்காமல், ஆயிரம் ஆயிரமாக, யார் முடிக்கிறார்களோ அவருக்கு அடுத்ததைக் கொடு என்று மாற்றினேன். இரண்டரை விநாடிக்குள் வந்தது. ஓக் ரிட்ஜிலும் இதே வழிதான். வேகமான பெட்டியும் மெதுவான பெட்டியும் கலந்து இருந்ததால், முடித்தவனுக்கு அடுத்த வேலை. கிழட்டு 486-உம் தன்னால் ஆனதைச் செய்தது.

பெட்டிகளைக் கூட்டிக்கொண்டே போனால் வேகமும் கூடிக்கொண்டே போகுமா? போகாது. 1967-ல் ஜீன் அம்டால் இதைச் சொன்னார். 100 நிமிட வேலையில் 10 நிமிடம் ஒருவர்தான் செய்ய முடியும் என்று வையுங்கள். மீதி 90-ஐ 9 பேர் பிரித்தால் மொத்தம் 20 நிமிடம். 90 பேர் வந்தால் 11 நிமிடம். 900 பேர் வந்தாலும் 10 நிமிடத்துக்குக் கீழே இறங்கவே இறங்காது. கல்யாண வீட்டில் காய் நறுக்க எத்தனை பேர் வந்தாலும் சாதம் வேக வேண்டிய நேரம் வெந்துதானே ஆகணும்!

உலகின் மிக வேகமான 500 கம்ப்யூட்டர்களின் பட்டியல் ஆண்டுக்கு இருமுறை வெளிவருகிறது. 2017 நவம்பர் பட்டியலில் 500-க்கு 500-உம் லினக்ஸ். 2024 நவம்பரில் முதலிடம் பிடித்த எல் கேப்பிடான் ஒரு விநாடிக்கு ஒரு கோடி கோடி கோடியில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிட அதிகமான கணக்குகளைப் போடுகிறது, அதாவது ஒன்றுக்குப் பின்னால் 18 பூஜ்ஜியம். அதில் ஓடுவதும் லினக்ஸ்தான்.

இப்போது ஸ்டோர் ரூமுக்கு வருவோம். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நம் ஏழு பெட்டிகளையும் இணைத்தாலும் மாமாவின் ஒரு லேப்டாப்பை ஜெயிக்குமா என்பது சந்தேகமே. வேகத்துக்காக நான் கேட்கவில்லை. பெட்டிகளை இணைப்பது, வேலையைப் பிரிப்பது, தப்பு எங்கே என்று தேடுவது எல்லாம் லேப்டாப்பில் கைக்கு எட்டாது. ஒரு ஸ்விட்ச், ஏழு கேபிள் வேண்டும். கேபிள் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து வாங்கிவிடுவோம்.

கரண்ட் பில் எவ்வளவு ஆகும் என்று ஹெச்.எம். கேட்டாராம். பெட்டிக்கு 100 வாட் என்றால் ஏழுக்கு 700 வாட். சனிக்கிழமை இரண்டு மணி நேரம் ஓட்டினால் வாரத்துக்கு ஒன்றரை யூனிட்டுக்கும் கீழே. கணக்கு எழுதி கம்ப்யூட்டர் சாரிடம் கொடுத்திருக்கிறோம். சேர விருப்பம் உள்ளவர்கள் இந்தத் தாளின் கீழே பெயர், வகுப்பு எழுதவும். சி++ தெரியாவிட்டாலும் பரவாயில்லை. முதலில் தூசி தட்ட ஆள் வேண்டும்.

- பிளஸ் ஒன், கணினி அறிவியல் பிரிவு மாணவி