நடு இருக்கைக்கும் இடம் கொடுத்த கார்

1966 நவம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த முதல் டொயோட்டா கரோலாவின் நீளம் 3,845 மில்லிமீட்டர். எடை சுமார் 700 கிலோ. அதன் தலைமைப் பொறியாளர் தாட்சுவோ ஹசெகாவா, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் விமானம் வடிவமைத்தவர். குடும்பக் கார் எல்லாவற்றிலும் 80 மதிப்பெண் வாங்க வேண்டும், சிலவற்றிலாவது 90-ஐத் தாண்ட வேண்டும் என்பது அவர் வைத்த அளவுகோல். போட்டியாளரான நிசான் சன்னிக்கு 988 சிசி எஞ்சின், கரோலாவுக்கு 1,077. அந்தக் கூடுதலையே '100 சிசி' என்று விளம்பரமாக்கினார்கள்.

அடுத்த மூன்று தலைமுறைகளில் காரும் எஞ்சினும் வளர்ந்தன, அடிப்படை அமைப்பு மாறவில்லை. எஞ்சின் முன்னால்; காரைத் தள்ளுவது பின்சக்கரங்கள். நடுவே காரின் அடியில் நெடுக ஒரு புரொப்பெல்லர் ஷாஃப்ட். அது சுழல இடம்விட்டுத் தரை திட்டாக எழும்பியிருக்கும். பின் இருக்கையின் நடுவில் மாட்டிக்கொள்பவர், பெரும்பாலும் வீட்டுக் கடைக்குட்டி, அதன்மேல் காலை மடக்கியபடியே ஊர்போய்ச் சேர வேண்டும்.

1983-இல் வந்த ஐந்தாம் தலைமுறை செடானில் எஞ்சினைக் குறுக்காகத் திருப்பி, கியர்பாக்ஸை அதன் பக்கத்திலேயே பொருத்தினார்கள். சுழற்சி இரண்டு குட்டை ஷாஃப்டுகள் வழியே நேரே முன்சக்கரங்களுக்குப் போனது. நீண்ட ஷாஃப்டுக்கு வேலையில்லை, திட்டு தாழ்ந்தது. ஆனால் முன்சக்கரம் வளைவில் திரும்பவும் வேண்டும், பள்ளத்தில் ஏறி இறங்கவும் வேண்டும். சாதாரண கிராஸ் ஜாயின்ட் மடங்கிச் சுழலும்போது ஒவ்வொரு சுற்றிலும் வேகம் கூடிக் குறையும். எஃகுக் குண்டுகள் வைத்த சி.வி. ஜாயின்ட்தான் மடங்கினாலும் சீராகச் சுழலும். அதன் ரப்பர் உறை கிழிந்து மண் புகுந்து தேய்ந்துவிட்டால், ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது 'கடக் கடக்' என்று சத்தம் வரும்.

அதே தலைமுறையின் இரண்டு கதவு ஏஇ86 பின்சக்கர இயக்கத்திலேயே தொடர்ந்து, ட்ரிஃப்ட் பிரியர்களிடம் அழியாப் புகழ் பெற்றது. எனக்கென்னவோ, ஐந்து பேரையும் ஒழுங்காக உட்காரவைத்த அந்தச் செடான்தான் பெரிய சாதனை.

பிறகு வந்தவை பெரும்பாலும் மெருகேற்றல்கள். 1997-இல் கரோலா விற்பனையில் ஃபோக்ஸ்வேகன் பீட்டிலை முந்தியது. 2021-க்குள் மொத்த விற்பனை 5 கோடியைத் தாண்டியது. இலங்கையில் இன்றும் 121, 141 என்று சேஸி குறியீட்டு எண்ணைச் சொல்லியே கரோலாவுக்கு விலை பேசுவார்கள்.

2018-இல் அறிமுகமான பன்னிரண்டாம் தலைமுறை செடான் 4,630 மில்லிமீட்டர். அதன் 1.8 லிட்டர் ஹைப்ரிடில், பிரேக் பிடிக்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராகி பேட்டரியை சார்ஜ் செய்யும். அந்தப் பேட்டரியைப் பின் இருக்கைக்கு அடியில் வைத்திருப்பதால் டிக்கி இடமும் குறையவில்லை.