32.5 மெகாவாட் என்றால் எவ்வளவு?

புதுச்சேரி அரசுக்குச் சொந்தமான மின் நிலையம் புதுச்சேரி நகரத்தில் இல்லை. காரைக்கால் பக்கம், திருமலைராயன்பட்டினத்தை அடுத்த போலகத்தில் இருக்கிறது. 2000ஆம் ஆண்டு ஜனவரியில் ஓடத் தொடங்கிய அதன் திறன் 32.5 மெகாவாட். கோடையில் யூனியன் பிரதேசத்தின் உச்சத் தேவையோ 400 மெகாவாட்டைத் தாண்டிவிடும். மீதிக்கு நெய்வேலி, கல்பாக்கம், ராமகுண்டம் என்று மத்திய மின் நிலையங்களை நம்பித்தான் காலம் ஓடுகிறது.

ஒரு மெகாவாட் என்பது பத்து லட்சம் வாட். 75 வாட் சீலிங் ஃபேன் என்றால் 13,000க்கு மேல் சுழலும். 28 வாட்டில் ஓடும் பிஎல்டிசி ஃபேன் என்றால் 35,000ஐத் தாண்டும். அதே மின்சாரத்தில் ஒன்றரை டன் ஏசி, ஒன்றுக்கு 1,500 வாட் வைத்தால், சுமார் 660தான் ஓடும். புதுச்சேரியின் ஒயிட் டவுன் விடுதிகளில் அறைக்கொன்று ஏசி மாட்டிய பிறகு தேவை எகிறாமல் என்ன செய்யும்?

‘நாளொன்றுக்கு 10 மெகாவாட் உற்பத்தி’ என்று செய்திகளில் அடிக்கடி வருகிறது. நாளொன்றுக்கு, மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம் என்பதுபோலத்தான் இதுவும். மெகாவாட் அந்தந்த நொடியின் வேகத்தைச் சொல்வது. எவ்வளவு மின்சாரம் என்பதற்கு யூனிட்தான் கணக்கு. ஒரு மெகாவாட் ஒரு மணி நேரம் ஓடினால் 1,000 யூனிட். போலகம் நிலையம் 24 மணி நேரமும் முழுத் திறனில் ஓடினால் 7,80,000 யூனிட் கிடைக்கும்.

அந்த 32.5 ஒரே இயந்திரத்தின் வேலையும் அல்ல. காவிரிப் படுகையின் இயற்கை எரிவாயுவை எரித்துச் சுழலும் டர்பைன் 22.9 மெகாவாட் தருகிறது. அதிலிருந்து கொதிக்கக் கொதிக்க வெளியேறும் புகையை வீணாக்காமல், அந்தச் சூட்டில் தண்ணீரை நீராவியாக்கி இன்னொரு டர்பைனைச் சுற்றுகிறார்கள். கூடுதலாக எரிவாயு எரிக்காமலே 9.6 மெகாவாட்! அந்த நிலையத்தில் எனக்கு மிகவும் பிடித்த சமாச்சாரம் இதுதான்.

சோலாருக்கு வந்தால் மெகாவாட் கணக்கு கொஞ்சம் ஏமாற்றும். எரிவாயு நிலையத்தின் ஒரு மெகாவாட் நாளுக்கு 24,000 யூனிட் வரை தரும். சோலாரின் ஒரு மெகாவாட், நல்ல வெயில் நாளில் 4,000 யூனிட்டைச் சுற்றித்தான். வீட்டு மாடியில் 3 கிலோவாட் பேனல் போட்டவருக்கு நாளுக்குச் சுமார் 12 யூனிட் தேறும். பில் கணிசமாகக் குறையும். ஆனால் அவ்வளவும் பகலில் வருவது. இரவு பத்து மணிக்கு அவர் போடும் ஏசிக்கு நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி எரிந்தாக வேண்டும்.