ஆங்கிலம் கற்கச் சிறுகதை உதவுமா? எந்தக் கதையை எப்படிப் படிப்பது?

ஹைதராபாத்: 'ஆங்கிலத்தில் கதை படியுங்கள்' என்ற அறிவுரையைக் கேட்டுத் தடித்த நாவலை வாங்கி, மூன்றாம் பக்கத்திலேயே மூடி வைத்தவர்கள் பலர். குறை அவர்களிடம் இல்லை. நூல் தேர்வில்தான் உள்ளது.

ஆங்கில ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிக்க 1958-இல் ஹைதராபாத்தில் தொடங்கப்பட்ட மத்திய ஆங்கில நிறுவனமே இன்றைய ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகம். அதற்கும் முன்பே, 1920-களில் டாக்காவில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட், வங்காள மாணவர்களின் வாசிப்பு நூல்களில் புதிய சொற்கள் நெருக்கமாகக் குவிந்திருப்பதைக் கண்டார். அரிய சொற்களை நீக்கி, எளிய வாசிப்பு நூல்களை உருவாக்கினார்.

துணையின்றிப் படித்துப் புரிந்துகொள்ள, நூற்றுக்குச் சுமார் 98 சொற்கள் தெரிந்திருக்க வேண்டும் என்கிறது நியூசிலாந்து மொழியியலாளர் பால் நேஷன் பங்கேற்ற ஆய்வு. ஒரு பக்கத்தில் பத்துச் சொற்கள் தடுக்கினால், அக்கதையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இலக்கணத்திலும் கதை கைகொடுக்கும். ஆங்கிலத்தின் 'தி' என்பதற்கு நேரான சொல் தமிழில் இல்லை. விதியை மனப்பாடம் செய்தாலும் பிழை வருவது அதனால்தான். கதையிலோ, முதன்முறை தோன்றும் முதியவருக்கு முன் 'ஆன்' வரும். வாசகருக்கு அறிமுகமானபின் அவருக்கே 'தி' வரும். அதுபோல, 'பேருந்து வருமுன் அவள் சென்றிருந்தாள்' என்பதில் 'இருந்தாள்' செய்யும் வேலையை ஆங்கிலத்தில் 'ஹேட்' செய்கிறது.

முதல் வாசிப்பில் அகராதி வேண்டாம். மறுவாசிப்பில், மீண்டும் மீண்டும் வந்த சொற்களுக்கு மட்டும் பொருள் பார்த்தால் போதும். ஓரளவு தேறியவர்கள், 1943-இல் வெளிவந்த ஆர்.கே.நாராயணின் 'மால்குடி டேஸ்' தொகுப்பை எடுக்கலாம். ஊரும் மனிதர்களும் நமக்குப் பழகியவர்களே.