வைக்கிங்குகள் வைக்காத பெயர்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021, 2022 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் பெண் குழந்தைகளுக்கு அதிகம் சூட்டப்பட்ட முதல் பத்துப் பெயர்களில் ஒன்று ஃப்ரேயா. ஒலிவியா, அமீலியா, லில்லி என்ற வரிசையில் வட ஐரோப்பாவின் பழைய தெய்வம் ஒன்று எந்தக் கூச்சமும் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறது. பெயருக்குப் பொருள் ‘சீமாட்டி’. ஜெர்மானியர் பெண்களை மரியாதையாகக் குறிக்கும் ‘ஃப்ராவ்’ இதற்கு உறவுச் சொல். கூடவே, இது வைக்கிங் காலத்துப் பெயர் என்ற பெருமையும் ஒட்டிக்கொண்டு வருகிறது. பொருளில் பிழையில்லை, பெருமையில்தான் பிழை. தெய்வம் பழையது, அதன் பெயரைப் பிள்ளைக்கு வைக்கும் வழக்கம் பழையதல்ல. ஃப்ரேயாவை உண்மையாகவே கும்பிட்டவர்கள் தங்கள் மகளை அப்படிக் கூப்பிட்டதாகத் தெரியவில்லை.

சான்றுகளுக்குக் குறைவில்லை. ஐஸ்லாந்தில் முதலில் குடியேறியவர்களின் பெயர்களை அடுக்கும் ‘லாண்ட்னாமபோக்’, குடும்பக் கதைகளான ‘சாகா’க்கள், ஸ்வீடன் முழுக்கச் சிதறிக் கிடக்கும் ரூன் கல்வெட்டுகள் என எதைப் புரட்டினாலும் இடியின் கடவுளான தோரின் பெயர் கண்ணில் படும். ஆனால் தனியாக அல்ல. தோர்ஸ்டெய்ன், தோர்கெயிர், தோரோல்ஃப் என்று கல், ஈட்டி, ஓநாய் ஏதாவது ஒன்றோடு சேர்ந்தே வரும். ஃப்ரேயாவின் சகோதரனான ஃப்ரேயின் பெயரும் அப்படித்தான், ஃப்ரேய்தீஸ் போன்ற பெயர்களுக்குள் மறைந்திருந்தது. தலைமைக் கடவுளான ஒடினின் பெயரோ கூட்டுப் பெயர்களில்கூட அபூர்வம். ஸ்வீடனின் ஹஸ்மீரா கல்வெட்டில் இருக்கும் ஒடின்தீசா என்ற பெண்மணியை ஆய்வாளர்கள் விதிவிலக்காகவே காட்டுகிறார்கள். முருகன் என்றும் லட்சுமி என்றும் தெய்வத்தின் பெயரையே வாய் நிறையச் சொல்லிப் பிள்ளையை அழைக்கும் நமக்கு இந்தத் தயக்கம் புதிராகத்தான் இருக்கும்.

தயக்கத்தின் காரணத்தை அவர்கள் எழுதி வைக்கவில்லை. ஆனால், பெயர் வைப்பது அவர்களுக்கு என்னவாக இருந்தது என்பதை 13ஆம் நூற்றாண்டின் ‘எய்ர்பிக்யா சாகா’ காட்டுகிறது. நார்வேயின் மோஸ்டர் தீவில் தோரின் கோயிலைப் பராமரித்தவர் ஹ்ரோல்ஃப். தோரிடம் அவருக்கிருந்த நெருக்கத்தால் ஊரார் அவரைத் தோரோல்ஃப் என்றார்கள். ஐஸ்லாந்துக்குக் கப்பலேறியவர், தோரின் உருவம் செதுக்கிய தூணைக் கடலில் எறிந்து, அது ஒதுங்கிய இடத்தில் குடியமர்ந்தார். அங்கே பிறந்த மகன் ஸ்டெய்னைத் தோருக்கு நேர்ந்துவிட்டார். அவன் தோர்ஸ்டெய்ன் ஆனான். அவனுடைய மகன் கிரிமும் அதே வழியில் தோர்கிரிம் ஆனான். பிள்ளை கடவுளின் ஆள் என்ற அறிவிப்புதான் அந்தப் பெயர். பிள்ளையே கடவுள் என்பதல்ல. கடவுளுக்கும் மனிதனுக்கும் இடையே இருந்த அந்தச் சிறு தூரத்தைக் கூட்டுப் பெயர் காப்பாற்றியது என்பது என் ஊகம்.

இடுன் என்ற தேவதையின் பெயர் பெண்களுக்கும், பிராகி என்ற தெய்வத்தின் பெயர் ஆண்களுக்கும் இருந்ததே என்று விவரம் தெரிந்தவர்கள் மறுக்கலாம். மறுப்பு நியாயமானதுதான். ஆனால் பிராகி விஷயத்தில், அந்தப் பெயர் கொண்ட பழங்கவிஞர் ஒருவர்தான் பின்னாளில் தெய்வமாக்கப்பட்டார் என்று கருதுவோர் உண்டு. இடுனும் பெருந்தெய்வ வரிசையில் சேர்ந்தவள் அல்ல. பெரிய தெய்வங்களிடம் மட்டுமே இந்த எல்லைக்கோடு கறாராக இருந்தது.

இதில் பெரிய வேடிக்கை மதமாற்றத்தின்போது நடந்தது. ஏறக்குறைய 1000ஆம் ஆண்டில், ஐஸ்லாந்து முழுவதும் கிறிஸ்தவத்துக்கு மாற வேண்டும் என்று நாட்டுப் பேரவையான ஆல்திங்கில் தீர்ப்புச் சொன்னவரின் பெயர் தோர்கெயிர். அதை வரலாறாக எழுதியவர் ஆரி தோர்கில்ஸன். 1984இல் போப்பாண்டவர் அந்நாட்டின் பாதுகாவலராக அறிவித்த புனிதர், 12ஆம் நூற்றாண்டு ஆயரான தோர்லாக் தோர்ஹால்ஸன். தன் பெயரிலும் தந்தை பெயரிலும் தோர். கோயில்கள் போயின, பலி நின்றது, பெயர்கள் மட்டும் ஞானஸ்நானம் பெற்றுக்கொண்டு தொடர்ந்தன. அதற்குள் அவை கடவுளின் பெயர்களாக இல்லாமல் பாட்டன்மார் பெயர்களாகிவிட்டிருந்தன.

தனித்த தெய்வப் பெயர்கள் பரவலாகத் தொட்டிலுக்கு வந்தது வெகு பின்னால், பழைய புராண நூல்களான ‘எட்டா’க்களையும் சாகாக்களையும் இலக்கியமாகப் படித்து உருகிய 19ஆம் நூற்றாண்டை ஒட்டி. வாக்னரின் ‘ரைன்கோல்ட்’ இசை நாடகம் 1869இல் ஃப்ரேயாவை ஜெர்மன் மேடையில் ஏற்றியது. பயண எழுத்தாளர் ஃப்ரேயா ஸ்டார்க் 1893இல் பிறந்தார். கடல் பயணி தோர் ஹையர்தால் 1914இல் நார்வேயில் பிறந்தார். யாருக்கும் அந்தத் தெய்வங்களிடம் பயமோ நேர்த்திக்கடனோ மிச்சமில்லாத காலம் அது. வழிபாடு நின்றதால்தான் பெயர் விடுதலையானது என்கிறேன்.

எல்லாம் சினிமா செய்த வேலை என்பது இன்று சுலபமாக வரும் பதில். மார்வெலின் ‘தோர்’ 2011இல் வந்தது, ‘வைக்கிங்ஸ்’ தொடர் 2013இல். பிரிட்டனில் ஃப்ரேயா அதற்கு வெகு முன்பே ஏறுமுகத்தில் இருந்தது. சினிமாதான் காரணமென்றால் கதாநாயகன் பெயரல்லவா முதலில் பரவியிருக்க வேண்டும்? அமெரிக்கப் பெற்றோர் தோரை ரசித்தார்களே தவிர, பிள்ளைக்கு வைக்க முண்டியடிக்கவில்லை. பழைய சமயம் திரும்பி வருவதுதான் காரணம் என்பதும் நிற்காது. ஐஸ்லாந்தில் 1972இல் தொடங்கிய ‘ஆசாத்ரூ’ சங்கத்துக்கு அங்கே உறுப்பினர்கள் சில ஆயிரம் பேர்தான். அதை வைத்துக்கொண்டு மான்செஸ்டரின் ஃப்ரேயாக்களுக்குக் கணக்குச் சொல்ல முடியாது.

நம்பிக்கை இல்லாததால் கிடைக்கும் இன்னொரு வசதி, வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்வது. பெயர்ப் பட்டியல்களில் ஃப்ரேயா அன்புக்கும் அழகுக்கும் தெய்வம். 13ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்து எழுத்தாளர் ஸ்னோரி எழுதியபடி பார்த்தால், பூனைகள் இழுக்கும் தேரில் வரும் அவள், போரில் மாண்டவர்களில் பாதிப் பேரைத் தன் பங்காக எடுத்துக்கொள்பவள்; சூனிய வித்தையைத் தேவர்களுக்குக் கற்பித்தவள். வீட்டில் அவளுக்குப் படையல் வைக்கும் குடும்பம் இந்த மறுபக்கத்தை மறந்துவிட்டுப் பெயர் வைத்திருக்க முடியாது.

ஒடினின் கதை சற்றுச் சிக்கலானது. நார்வேயில் இன்று அது செல்வாக்கான ஆண் பெயர். 2015இல் பின்லாந்தில் ‘ஒடினின் வீரர்கள்’ என்ற குடியேறிகள் எதிர்ப்புக் கும்பல் அதே பெயரைச் சூடிக்கொண்டு தெருக்களில் ரோந்து சுற்றியது. ஒற்றைக்கண் கடவுளுக்கு அஞ்சாத பெற்றோர்கூட இப்போது பெயர் வைக்கும்முன் ஒருமுறை யோசிக்க வேண்டியிருக்கிறது. ஃப்ரேயாவை அப்படி யாரும் கொடியில் ஏற்றவில்லை.